ஒரு ரூபாய் நிற்கட்டும்

கல்லலில் மலையாண்டி பெண்டாட்டி பொன்னுத்தாயி வயிறெரிந்தே வளர்ந்தவள் என்று சொன்னால், அவளைத் தவிர வேறு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். நாச்சியாபுரத்தில் பிறந்து வளர்ந்த காலத்தில் அக்காள் கொலுசுக்கு எரிந்தாள். அடுத்த வீட்டுப் பசு கிடேரிக் கன்று போட்டதற்கு எரிந்தாள். கோயிலில் தனக்கு முன்னால் யாருக்குத் திருநீறு கொடுத்தார்கள் என்று பார்த்துக்கூட எரிந்தாள். கல்யாணமாகிக் கல்லலுக்கு வந்த பிறகு அந்தத் தீயெல்லாம் ஒரே அடுப்புக்கு வந்து சேர்ந்தது. அந்த அடுப்பின் பெயர் ஒச்சம்மாள்.

ஒச்சம்மாள் அவளுக்கு ஓரகத்தி. மலையாண்டியின் தம்பி கோட்டைச்சாமிக்கு வாக்கப்பட்டுக் குன்றக்குடியிலிருந்து வந்தவள். ஒல்லி, கறுப்பு, பேச்சு குறைவு. பேச்சு குறைவாக இருக்கிறவர்கள்மேல் பொன்னுத்தாயிக்கு எப்போதுமே சந்தேகம். வாயைத் திறக்காதவள் மனசுக்குள் எதையோ பூட்டி வைத்திருக்கிறாள் என்பது அவள் கட்சி.

அண்ணன் தம்பி இருவரும் அறுபத்து மூன்றாம் வருஷம் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நிலம் சரிபாதி. கிணற்றுத் தண்ணீர் முறைவைத்து. வீட்டுக்கு நடுவே ஒரு குட்டைச் சுவர். மழையும் இரண்டு பேருக்கும் ஒரே மேகத்திலிருந்துதான் பெய்தது. அப்படியிருக்க, சுவருக்கு அந்தப் பக்கத்து அடுப்படியில் மட்டும் எப்படி ஒரு சாமான் கூடுதலாக இருக்கும்? இதுதான் பொன்னுத்தாயியின் கேள்வி. ராத்திரி உலை வைக்கும்போதும் இதே கேள்வி, காலையில் சாணி தெளிக்கும்போதும் இதே கேள்வி. மலையாண்டியிடம் கேட்டால் அவன் புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவான்.

அந்தக் காலத்தில்தான் எவர்சில்வர் மோகம் வந்தது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்த கைகளுக்கெல்லாம் எவர்சில்வர் கண்ணைப் பறித்தது. காரைக்குடியில் ஏகப்பன் செட்டியார் ஒரு பாத்திரக்கடை போட்டார். மலேயாவில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே எந்தக் கடையில் எதைப் பார்த்தாரோ, இங்கே வந்து மஞ்சள் அட்டை என்று ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். நம்பிக்கையான குடும்பத்துக்குப் பெயரெழுதிய மஞ்சள் அட்டை ஒன்று கொடுப்பார். அதைக் காட்டினால் கையில் காசு இல்லாமலே சாமான் எடுத்துக்கொண்டு வரலாம். பணத்தைப் பிறகு கட்டலாம். முதலில் அட்டைக்கு நூறு ரூபாய் வரம்பு. ஒழுங்காகக் கட்டி வந்தால் வரம்பு ஏறும்.

ஓரகத்திகள் இருவரும் ஒரே நாளில், ஒரே ரயிலில் போய்த்தான் அட்டை வாங்கினார்கள். அன்றைக்குக் கணக்கப்பிள்ளை மெய்யநாதன் இருவரையும் உட்கார வைத்து, தாளைக் காட்டாமல் வாயாலேயே விவரம் சொன்னார்.

"ரெண்டே சங்கதிதாம்மா. மாசம் முடிஞ்சதும் நீங்க எடுத்த சாமானுக்குக் கணக்குப் போட்டுச் சீட்டுக் குடுப்போம். அடுத்த மாசம் பத்தாந் தேதிக்குள்ள அம்புட்டையும் கட்டிட்டீகன்னா ஒத்தக் காசு வட்டி கிடையாது. ஆனா ஒரு ரூபா நின்னுபோச்சுன்னாலும், சாமான் எடுத்த தேதியில இருந்து முழுத் தொகைக்கும் நூத்துக்கு ரெண்டு வட்டி ஓடும். நின்ன ரூபாய்க்கு மட்டும்னு நெனைச்சிராதீக. அதுக்கப்புறம் எடுக்குற சாமானுக்கும் தவணை கெடையாது. எடுத்த அன்னைக்கே வட்டி ஏற ஆரம்பிச்சிரும்."

ஒச்சம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பொன்னுத்தாயியும் தலையை ஆட்டினாள். ஆனால் அவள் காது அங்கே இல்லை. ஒச்சம்மாள் மடியில் எடுத்து வைத்திருந்த டம்ளர்களின் விளிம்பில் ஒரு வரி ஓடியது. தன் மடியில் இருந்தவற்றில் வரி இல்லை. வரி போட்டது விலை கூடவா குறைவா, முதலிலேயே அவள் கண்ணில் மட்டும் அது எப்படிப் பட்டது, இப்போது மாற்றிக் கேட்டால் அவளைப் பார்த்து மாற்றியது போலாகுமா? இந்தக் கவலையில் மெய்யநாதன் சொன்னது காற்றோடு போயிற்று. ஊசி முனையளவு காதைக் கொடுத்திருந்தால் எட்டு வருஷம் தப்பியிருக்கும்.

பணம் கட்டப் போன முதல் மாதமே இன்னொரு வாய்ப்பும் வந்தது. அதையும் அவளே விரட்டினாள்.

அதைச் சொல்லுமுன் பொன்னுத்தாயி வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் எந்த ஏனத்தையும் அடியோடு வழித்துத் துடைத்து எடுக்கமாட்டாள். குதிரில் கடைசி மரக்கால் நெல் கிடந்தே தீரவேண்டும். புது நெல் வந்தால் அதன் மேல்தான் கொட்டுவாள். உப்புச் சட்டியில் ஒரு கை உப்பு, சோற்றுப் பானையில் ஒரு பிடி சோறு, எண்ணெய்ச் சாடியில் விரல் நனைகிற அளவு எண்ணெய். துடைத்த வீட்டில் மூதேவி வந்து குந்துவாள் என்பது அவளுக்குப் பிறந்த வீடு கொடுத்த சீர். கொடுக்கல் வாங்கலிலும் அப்படித்தான். முழுசாகத் தீர்த்துவிட்டால் உறவு அறுந்துபோகும், வரத்து நின்றுபோகும்.

அதனால் கடையில் இருபது ரூபாய்ச் சீட்டுக்குப் பத்தொன்பதை எண்ணி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஒரு ரூவா நிக்கட்டும்யா. நல்லா இருக்கும்."

பக்கத்தில் நின்ற ஒச்சம்மாள் தன் இருபத்திரண்டு ரூபாயையும் காசு குறையாமல் கொடுத்துவிட்டு, மெதுவாக அவள் முழங்கையைத் தொட்டாள். "அந்த ஒரு ரூபாயையும் குடுத்துருங்கக்கா."

அவ்வளவுதான். நாலு பேர் நிற்கிற இடத்தில் ஒரு ரூபாய்க்கு வக்கில்லாதவள் என்று காட்டுகிறாளா இவள்? பொன்னுத்தாயிக்கு உச்சந்தலை வரை ஏறியது. "எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம்டி. குடும்பம்னா நாலு எடத்துல வரத்துப் போக்கு இருக்கணும். தொடைச்சு வச்சுட்டுப் போறதுக்கு நான் என்ன ஊரைக் காலி பண்ணிட்டா போறேன்?" என்றாள். ஒச்சம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கடையில் அவள் பொன்னுத்தாயிக்கு எதுவும் சொன்னதில்லை. சொல்ல அவளுக்கென்ன தலையெழுத்தா?

மறு மாதச் சீட்டில் சில காசுகள் வட்டி என்று வந்தன. பொன்னுத்தாயி பேசாமல் கட்டினாள், மறுபடியும் ஒரு ரூபாயை நிறுத்தினாள். சீட்டுக்குச் சீட்டு வட்டி வந்தது. அறுபது ரூபாய்க்கு மாசப் பிறப்பில் ஓர் அடுக்குப் பாத்திரம் எடுத்து, அடுத்த மாதம் பத்தாம் தேதி ஐம்பத்தொன்பது கட்டினாளே, அப்போது வட்டி மட்டும் ஒரு ரூபாய் அறுபது காசு. நின்றதே ஒரு ரூபாய்; அதற்கு வட்டி ஒன்று அறுபதா என்று கேட்கத் தோன்றவில்லை. கடன் வாங்கினால் வட்டி. இதில் கேட்க என்ன இருக்கிறது? எல்லோரும்தான் கட்டுவார்கள். ஒச்சம்மாளும் கட்டத்தான் கட்டுவாள். அவளிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றால், தன் கணக்கு அவளுக்குத் தெரிந்துபோகும். அவளிடம் கேட்பதைவிட வட்டி கட்டுவது மேல்.

மெய்யநாதன் நல்ல மனுஷர். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு தடவை, "முழுசாக் கட்டிருங்களேம்மா" என்று சொல்லிப் பார்த்தார். அவள் "நிக்கட்டும், நிக்கட்டும்" என்று கையை ஆட்டினாள். வட்டி கட்டுகிறவளே சிரித்துக்கொண்டு கட்டும்போது கணக்கப்பிள்ளைக்கு என்ன வந்தது? வசதியான வீடு போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

இப்படி எட்டு வருஷம் ஓடியது. பொன்னுத்தாயியின் அடுக்களையில் எவர்சில்வர் ஏறியது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாமான் எப்போதும் முந்தியே இருந்தது. இவள் தூக்குவாளி வாங்கினால் அங்கே மூடி போட்ட தூக்குவாளி. இவள் டிபன் கேரியர் வாங்கினால் அங்கே அதே கேரியர், கூடவே ஒரு கூஜா. ஒரே வெள்ளாமை, ஒரே விலை, ஒரே கடை. எங்கேயிருந்து வருகிறது அந்தக் கூஜா? இவள் கட்டிய வட்டியைக் கூட்டினால் நூற்றைம்பது ரூபாய்க்குக் குறையாது. கூஜா அங்கேதான் ஒளிந்திருந்தது. அது அவளுக்குத் தெரியாதே. கோட்டைச்சாமி ரகசியமாகக் கடலை விற்கிறான் என்றாள். ஒச்சம்மாளுக்குக் குன்றக்குடியிலிருந்து பணம் வருகிறது என்றாள். மலையாண்டிக்குக் கைராசி இல்லை என்றும் சொன்னாள். அன்றைக்கு மட்டும் மலையாண்டி புகையிலையைத் துப்பிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தான்.

எழுபதில் ஒச்சம்மாள் மகள் ஆயிக்குக் கல்யாணம் நடந்தது. முற்றத்தில் பாயை விரித்துச் சீர்ச் சாமான்களைப் பரப்பி வைத்தார்கள். ஐம்பத்தொரு உருப்படி, அத்தனையும் எவர்சில்வர். கடைசியில் வாசல் பக்கமாக ஒரு குடம், வெயில் பட்டு நிலாத்துண்டு மாதிரி நின்றது. வந்தவர்கள் எல்லாரும் மணப்பெண்ணைப் பார்த்தார்கள். பொன்னுத்தாயி குடத்தைப் பார்த்தாள். அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கிறவர்கள் உண்டு. பக்கத்து இலையில் விழுந்த பாயசம் தன் வயிற்றைச் சுடுகிறவள் இவள்.

அங்கேயே முடிவு செய்தாள். தன் மகள் சீதைக்கு ஐம்பத்திரண்டு. ஒன்று கூட இருந்தால் போதும். ஒன்று குறையக்கூடாது. கடைசி உருப்படி குடம். ஆயியின் குடத்தைவிட ஒரு சுற்றுப் பெரிய குடம்.

எழுபத்திரண்டில் சீதைக்குத் தையில் முகூர்த்தம் குறித்தார்கள். அதற்குள் பொன்னுத்தாயியின் அட்டைக்கு வரம்பு ஐந்நூறாக உயர்ந்திருந்தது. ஐப்பசி முதல் தேதியே போய் ஐந்நூறு ரூபாய்க்குச் சாமான் எடுத்தாள். கடலை விற்ற பணம் வந்ததும் கார்த்திகை பத்தாம் தேதி கடைக்குப் போனாள். மலையாண்டி முழுசாக ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து அனுப்பியிருந்தான். அவள் நானூற்றுத் தொண்ணூற்றொன்பதை எண்ணி வைத்தாள். கல்யாணக் காரியம், இப்போது போய்த் துடைக்கலாமா?

"ஒரு ரூவா நிக்கட்டும்யா."

அந்தக் கையோடு இன்னும் நானூற்று முப்பது ரூபாய்க்குச் சாமான் எடுத்தாள். மொத்தம் ஐம்பத்தொன்று ஆயிற்று. குடம் மட்டும் பாக்கி. அவள் கேட்ட அளவில் குடம் அன்றைக்குக் கடையில் இல்லை. மார்கழிப் பிறப்புக்கு வரும் என்றார்கள். விலை அறுபத்தைந்து. நானூற்று முப்பதும் அறுபத்தைந்தும் நானூற்றுத் தொண்ணூற்றைந்து; வரம்பு ஐந்நூறு. கச்சிதமாக இருந்தது. தை அறுவடையில் கட்டிவிடலாம். விரல் விட்டு எண்ணியபடியே வீடு வந்து சேர்ந்தாள்.

மார்கழி பிறந்ததும் சந்தை நாளில் காலை ரயிலுக்குப் போனாள். ஒச்சம்மாளும் சந்தைக்குப் புறப்பட்டு வந்திருந்தாள். ஒரே பெட்டி, எதிரெதிர் பலகை. பொன்னுத்தாயிக்குக் குடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேராகச் சொல்லவும் மனசில்லை. சுற்றி வளைத்தாள்.

"சீதைக்கு அம்புட்டுச் சாமான் எடுத்திருக்கேன்டி. இந்த மாசம் வட்டியே எம்புட்டு வருமோன்னு இருக்கு. ஆயி கல்யாணத்துக்கு ஒனக்கு எம்புட்டு வந்துச்சு?"

ஒச்சம்மாள் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "எனக்கு ஏதுக்கா வட்டி? இன்னைய வரைக்கும் ஒத்தக் காசு வட்டி கட்டுனதில்லையே."

சொல்லிவிட்டு மறுபடி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். பொன்னுத்தாயிக்கு நெஞ்சுக்குள் திகுதிகுவென்று பற்றிக்கொண்டது. எட்டு வருஷமாகத் தான் மட்டும் கட்டியிருக்கிறாள். இவளுக்கு இனாம். ஏன்? கணக்கப்பிள்ளை மெய்யநாதன் எந்த ஊர்? குன்றக்குடி. இவள் எந்த ஊர்? குன்றக்குடி. கூஜா எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துபோயிற்று. காரைக்குடி வந்து இறங்கும்போது அவள் முடிவே கட்டிவிட்டாள்.

கடையில் குடம் வந்திருந்தது. பெரிய சுற்று, கழுத்தில் இரண்டு வரி. பொன்னுத்தாயி அதைத் தடவிப் பார்த்துவிட்டு அட்டையை நீட்டினாள். மெய்யநாதன் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"வரம்பு இடிக்குதேம்மா. நானூத்து அம்பது நிக்குது. குடம் அறுபத்தஞ்சு. ஐந்நூத்துப் பதினஞ்சு ஆயிரும்."

"நானூத்து அம்பதா? நானூத்து முப்பத்தொண்ணுல்ல நிக்கணும்?"

"வட்டி பத்தொம்பது ரூபா சேந்திருக்கும்மா."

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கல்லல்காரிகள் இரண்டு பேர். பொன்னுத்தாயி அதையெல்லாம் பார்க்கவில்லை.

"ஒரு ரூவா நின்னதுக்கு வட்டி பத்தொம்பதா? எந்த நாட்டுல நடக்கும்யா இந்த அநியாயம்! ஊரைப் பாத்துத்தான வட்டி போடுறீக? குன்றக்குடிக்காரிக்கு இனாம், நாச்சியாபுரத்துக்காரிக்கு வட்டி! அவ வீட்டுல கூஜா எப்பிடி மொளைச்சுச்சுன்னு இன்னைக்குத்தான்யா எனக்கு வெளங்குச்சு! ஒங்களுக்கும் அவளுக்கும் என்ன கொடுக்கல் வாங்கலோ!"

மெய்யநாதன் முகம் வெளுத்துப் போயிற்று. அறுபதை நெருங்குகிற மனுஷர், பேரன் பேத்தி எடுத்தவர். ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"வார்த்தையப் பாத்து விடுங்கம்மா. ஒச்சம்மா மாசா மாசம் பத்தாந் தேதிக்குள்ள கடைசிக் காசு வரைக்கும் கட்டுது. அதுக்கு வட்டி எப்பிடி வரும்? நீங்க ஐப்பசி மொதத் தேதி ஐந்நூறு எடுத்தீக. கார்த்திகை பத்து வரைக்கும் நாப்பது நாளு. முழுசாக் கட்டியிருந்தா அந்த நாப்பது நாளும் சும்மா. ஒரு ரூபா நிறுத்துனீக, ஐந்நூறுக்கும் நாப்பது நாள் வட்டி ஓடிருச்சு. அது பதிமூணு ரூபாச் சொச்சம். நீங்க ஒரு ரூபாய நிறுத்துனதால, அன்னைக்கு எடுத்த நானூத்து முப்பதுக்கும் தவணை போச்சு. அன்னைக்கே வட்டி ஏற ஆரம்பிச்சிருச்சு. அது ஒரு அஞ்சே முக்கால் ரூபா. மொத நாளே ரெண்டு பேரையும் உக்கார வச்சுச் சொன்னேனே. இந்தப் பெஞ்சிலதான் உக்காந்திருந்தீக."

பொன்னுத்தாயி பெஞ்சைப் பார்த்தாள். அந்த நாள் ஞாபகம் வந்தது. மெய்யநாதன் பேசியது ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை. ஒச்சம்மாள் மடியில் இருந்த டம்ளர்கள் மட்டும் வரி வரியாக ஞாபகம் வந்தன.

ஒரே ஒரு ரூபாய். அந்த ரூபாய் போய்ப் பத்தொன்பது ரூபாயைக் கூட்டிக்கொண்டு வந்து, சீதையின் குடம் வைக்க வேண்டிய இடத்தில் உட்கார வைத்துவிட்டது. தப்பு தன்னுடையது என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் விட்ட வார்த்தையைத் திருப்பி எடுக்க அவளுக்குப் பழக்கமில்லை. குடத்தை வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். சாயங்கால ரயிலில் அவள் ஒரு பெட்டி, ஒச்சம்மாள் வேறு பெட்டி. கல்லல்காரிகள் இருவரும் ஒச்சம்மாள் இருந்த பெட்டியில் ஏறினார்கள். அரைக்காசுக்குப் போன மானம் ஆயிரம் கொடுத்தாலும் வராது என்பார்கள். இங்கே போனது ஒச்சம்மாளின் மானம், போக்கியவள் பொன்னுத்தாயி.

மறுநாள் காலையில் ஒச்சம்மாள் வந்தாள். குட்டைச் சுவரைச் சுற்றி வரவில்லை, தாண்டி வந்தாள். முப்பது வயசுக்கு மேல் ஒரு பொம்பிளை சுவர் தாண்டி வருகிறாள் என்றால் விஷயம் சாதாரணமில்லை. மலையாண்டி மாட்டை அவிழ்க்கப் போன கையோடு அப்படியே நின்றான்.

"என்னக்கா சொன்னீக கடையில? எனக்கும் அந்தப் பெரிய மனுசனுக்கும் கொடுக்கல் வாங்கலா?"

பொன்னுத்தாயி சாணி வாளியைக் கீழே வைத்தாள்.

"மொத மாசமே சொன்னேன். அந்த ஒரு ரூபாயையும் குடுத்துருங்கன்னு கையைத் தொட்டுச் சொன்னேன். கடிச்சுக் கொதறிப்புட்டீக. சரி, தெரிஞ்சேதான் செய்யிறீகன்னு நெனைச்சேன். அம்புட்டு வசதி போலன்னு நெனைச்சேன்." அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "மாசா மாசம் வட்டியத் தூக்கி எறிஞ்சுட்டுச் சிரிச்சுக்கிட்டு வருவீக. நான் வாங்குன சாமானுக்குப் பத்தாந் தேதிக்குள்ள கட்டணுமேன்னு, முட்டைய வித்து, மோர வித்து, பிள்ளைகளுக்கு எண்ணெய் பலகாரம் இல்லாம ஆக்கி, ஒவ்வொரு காசாச் சேத்துக்கிட்டுக் கெடப்பேன். ஒங்களப் பாத்து எனக்கு வயிறு எரியாத நாளில்லக்கா. ஒரே நெலம், ஒரே கெணறு, இவுகளுக்கு மட்டும் வட்டி கட்டுறதுக்கு எங்குட்டு இருந்து பணம் வருதுன்னு ஒங்க கொழுந்தனாரப் போட்டு அரிச்செடுத்திருக்கேன்."



உள்ளபடி சொன்னால், அவளுக்கு முதலில் வெட்கம் வந்திருக்க வேண்டும். பழி சொன்னவள் பழிக்கு ஆளானவள் எதிரில் நிற்கிறாள். வெட்கமும் வந்ததுதான். ஆனால் அதை இடித்துத் தள்ளிக்கொண்டு இன்னொன்று முன்னால் வந்தது. ஒச்சம்மாள் தன்னைப் பார்த்து வயிறெரிந்தாளா! தன்னைப் பார்த்தா! எட்டு வருஷமாகவா! பொன்னுத்தாயிக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. நூற்றைம்பது ரூபாய் வட்டிக்கு அவளுக்குக் கிடைத்த ஒரே சாமான் இதுதான். ஆனால் இதைப்போல ஒரு சாமான் ஏகப்பன் செட்டியார் கடையில் எந்த விலைக்கும் கிடைக்காது.

அந்தக் குளிர்ச்சியில்தான் அவளுக்குப் பேச வந்தது.

"நாந்தான்டி தப்பு. வாய் தவறிருச்சு. கடையிலயும் சொல்லிர்றேன், அந்த ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிர்றேன். சீதை கல்யாணத்துக்குச் சித்தின்னு நீ முன்ன நிக்கலைன்னா எனக்கு யார்டி நிப்பா?"

ஒச்சம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "நிக்கிறேன். வேற என்ன செய்ய?" என்றாள். திரும்பிப் போகும்போது சுற்றித்தான் போனாள்.

குடம் பாக்கி நின்றது. மார்கழி பத்து தாண்டினால் இந்த நானூற்றைம்பதுக்கும் மேலும் வட்டி ஓடும் என்று இப்போது பொன்னுத்தாயிக்குப் பாடம் ஆகியிருந்தது. கையில் இருந்தது கல்யாணத்துக்கென்று தனக்குக் கண்டாங்கிச் சேலை எடுக்க ஒதுக்கிய அறுபது ரூபாய். மீதி? குதிரில் பழைய நெல் இருந்தது. தையில் புது நெல் வந்துவிடும். அவளே வியாபாரியை வரச் சொன்னாள். அவளே குதிருக்குள் இறங்கினாள். மலையாண்டி மேலே நின்று கூடையைத் தூக்கினான்.

"கடைசி மரக்கால விட்டுரவா?" என்று கேட்டான்.

உள்ளேயிருந்து விளக்குமாறு கூட்டுகிற சத்தம் கேட்டது. அவள் வழித்துத் துடைத்துக் கூட்டி அள்ளிக் கொடுத்த கடைசிக் கூடையில் தூசியும் நெல்லும் பாதிக்குப் பாதி இருந்தன. மலையாண்டி அதையும் தூற்றினான். அன்றைக்கு மூதேவி யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் உட்கார அங்கே இடம் சுத்தமாகத்தான் இருந்தது.

மார்கழி எட்டாம் தேதி பொன்னுத்தாயி கடைக்குப் போய், எல்லோர் காதிலும் விழும்படி மெய்யநாதனிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு நானூற்றைம்பது ரூபாயை எண்ணி வைத்தாள். கடைசி ரூபாயை வைக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. வைத்துவிட்டாள்.

மெய்யநாதன் பணத்தை எண்ணி முடித்தார். "இன்னும் ஒண்ணு சொல்லிர்றேன், அப்புறம் சண்டைக்கு வராதீக. மாசப் பிறப்புல இருந்து இன்னைய வரைக்கும் எட்டு நாள் இந்தத் தொகை நின்னிருக்கு. அதுக்கு வட்டி ரெண்டு ரூபா நாப்பது காசு, அடுத்த சீட்டுல வரும். முழுசாக் கட்டிட்டமே, மறுபடி என்னடா இதுன்னு நெனைக்காம அதையும் கட்டிருங்க. அதோட தீந்துச்சு. இன்னைக்கு எடுக்குற குடத்துக்குத் தை பத்து வரைக்கும் வட்டி கெடையாது. இனிமே ஒச்சம்மாவுக்கு எப்பிடியோ ஒங்களுக்கும் அப்பிடித்தான்."

பொன்னுத்தாயி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். படி வரைக்கும் போனவள் நின்றாள். திரும்பி வந்தாள். கல்லல்காரிகள் யாராவது இருக்கிறார்களா என்று இங்குட்டும் அங்குட்டும் பார்த்துவிட்டு, பலகை மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, ஒரு ஒபகாரம். நான் முழுசாக் கட்டிட்டேன்னு ஒச்சம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீக."